மீதிச் சில்லறை யாருக்கு?

பண்ருட்டி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஓட்டல்களில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு வழக்கம் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சப்ளையர் சின்னத் தட்டில் பில்லை வைப்பார். பணத்தைக் கல்லாவில் கட்டிவிட்டு, மீதியை அதே தட்டில் கொண்டுவந்து வைப்பார். சாப்பிட்டவர் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, சில்லறையைத் தட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு சிட்டிகை சோம்பை வாயில் போட்டபடி எழுந்துவிடுவார். ஐந்தோ பத்தோ, அது யாருக்கு என்று சொல்ல வேண்டியதே இல்லை. இன்றைக்குக் கல்லாவில் க்யூஆர் அட்டை நிற்கிறது. பில் 87 ரூபாய் என்றால் கைபேசியிலிருந்து சரியாக 87 ரூபாய் போகிறது. மீதி வருவதில்லை. தட்டும் வருவதில்லை.

டிப்ஸை ஒழிக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. 2016இல் யூபிஐ வந்தபோது சப்ளையரின் சட்டைப்பை காலியாகும் என்று யாரும் நினைத்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் நம் ஊர் டிப்ஸ் பெரும்பாலும் மீதிச் சில்லறையாகவே இருந்தது. பில்லில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இங்கே வேரூன்றவே இல்லை. அதனால் சில்லறை போனதும் டிப்ஸும் கூடவே போய்விட்டது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர்தான். 1991க்குப் பிறகு அது ஒரு சென்ட்கூட உயரவில்லை. பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் கூடுதலாக வைத்திருந்தாலும், இப்படிப்பட்ட கூலி உள்ள இடத்தில் 15, 20 சதவீதம் டிப்ஸ் வைக்காமல் எழுந்து வருவது பரிமாறியவரின் கூலியில் கை வைப்பதற்குச் சமம். பண்ருட்டிப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரிலோ பல உணவகங்கள் 10 சதவீத சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுகின்றன. தனியாக டிப்ஸை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஜப்பானில் மேசையில் காசை விட்டுவந்தால், மறந்துவிட்டீர்கள் என்று கொண்டுவந்து தருவார்கள்.

நம் பக்கத்தில் அன்றாட டிப்ஸைவிடப் பண்டிகை இனாம்தான் கனமானது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போதே வாசலில் "சார், தீபாவளிங்க" என்ற குரல் கேட்கத் தொடங்கிவிடும். பேப்பர் போடும் பையன், தெரு கூட்டும் அம்மா, தண்ணீர் கேன் அண்ணன், காவலாளி என்று ஒவ்வொருவராக வருவார்கள். ஆண்டு முழுக்க முகம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆண்டில் ஒருமுறை கொடுப்பது அது. அறுவடைக் களத்திலேயே ஊர்த் தொழிலாளிகளுக்கு நெல் அளந்த காலத்தின் தொடர்ச்சியை இதில் பார்க்கலாம். அந்தப் பழைய ஏற்பாட்டைப் பற்றி ஏங்க ஒன்றுமில்லை. வண்ணாருக்கும் நாவிதருக்கும் கிடைத்த நெல்லோடு சாதியின் இழிவும் சேர்ந்தே அளக்கப்பட்டது. ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் தூர நில் என்று சொல்வது எந்தக் காலத்திலும் அன்பளிப்பு ஆகாது.

இனாம் உரிமையாக மாறிய கதையும் நம்மிடம் உண்டு. 1917இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியபோது, தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடிவிடாமல் இருக்க மில் முதலாளிகள் தனியாக ஒரு தொகை கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் அடுத்த ஆண்டு அதை நிறுத்தப் பார்த்தார்கள். விலைவாசியோ ஏறிக் கிடந்தது. வேலைநிறுத்தம் வெடித்தது, காந்தி உண்ணாவிரதம் இருந்தார், முடிவில் 35 சதவீத உயர்வு கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்த எத்தனையோ போராட்டங்களின் வழியாக 1965இல் போனஸ் சட்டம் வந்தது. சட்டத்தின் வரம்புக்குள் வரும் தொழிலாளிக்கு இன்றும் குறைந்தது 8.33 சதவீத போனஸ் உண்டு. பண்ருட்டிக்குப் பக்கத்து நெய்வேலியின் நிலக்கரி நிறுவனத்தில் தீபாவளி நெருங்கும்போது தொழிற்சங்கத்தார் நிர்வாகத்தோடு பேச உட்காருவது இந்த உரிமையை வைத்துத்தான். சட்டத்தின் நிழல் எட்டாத தெரு கூட்டும் அம்மாதான் இன்னும் வாசலில் நின்று தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

கொடுப்பதில் எது அன்பளிப்பு, எது வசூல் என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கை நீட்டுபவர், கொடுக்காவிட்டால் எதையாவது நிறுத்திவைக்க முடியுமா என்று பார்த்தால் போதும். ஓட்டல் சப்ளையர் பரிமாறி முடித்துவிட்டார். அவரால் இனி எதையும் பிடித்துவைக்க முடியாது. சிலிண்டர் கொண்டுவருபவர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செலவு பில் தொகையிலேயே அடங்கியிருக்கிறது. வாடிக்கையாளரே கிடங்குக்குப் போய் எடுத்துவந்தால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் தமிழ்நாடு முழுக்க "அண்ணே, மேல போட்டுக் குடுங்கண்ணே" என்ற பேச்சு உண்டு. கொடுக்காத வீட்டுக்கு அடுத்த முறை சிலிண்டர் தாமதமாக வரும் என்ற பயமும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம்வரை இது வழக்காகப் போயிருக்கிறது. அதே சமயம், 14.2 கிலோ எரிவாயுவோடு சேர்த்துச் சுமார் 30 கிலோ சுமையைத் தோளில் போட்டு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீரும் இருபது ரூபாயும் மனமுவந்து கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அவரை இப்படிக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் வைத்திருக்கும் ஏஜென்சி நியாயமான கூலியைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் முதலில் பேச வேண்டிய விஷயம்.

அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளவும், பிறந்த குழந்தையைக் காட்டவும் காசு கேட்பது அன்பளிப்பில் சேரவே சேராது. ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு அதைவிடக் குறைவாக ஒரு விலை என்று வாங்குவதைப் பற்றித் தமிழ்நாட்டில் எத்தனையோ முறை செய்தி வந்துவிட்டது. பிரசவ வலியில் கிடப்பவளின் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்துத் தரும் அந்தப் பணம் லஞ்சம்தான். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவர்மீது குற்றம் சேராது. இது தெரியாமல்தான் பலர் வாயைத் திறப்பதில்லை.

கோயில்களில் மொட்டை அடிக்கும் தொழிலாளிகள் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்ற புகாரும் நெடுங்காலம் இருந்தது. அவர்களில் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. 2021 செப்டம்பரில் தமிழக அரசு, அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தபோது, அந்தத் தொழிலாளிகளுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. கை நீட்டாதே என்று சொல்வதற்கு முன் கையில் ஏதாவது வைக்க வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது.

பெரிய நகரத்து உணவகங்கள் வேறு வழியைப் பிடித்தன. பில்லின் அடியில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் என்று தாமாகவே போட்டுக்கொண்டன. இதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி போட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தார். பில்லில் அப்படி ஒரு கட்டணம் இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கைபேசிச் செயலிகள் இன்னொரு பக்கம். வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று காட்டிய ஊபருக்கு 2025 மே மாதம் அதே ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வேலை நடப்பதற்கு முன் வாங்குவது எப்படி டிப்ஸ் ஆகும் என்ற கேள்வி சரியானதுதான். சொமாட்டோவில் உணவு வாங்குபவர்களில் டிப்ஸ் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. ஏறக்குறைய 5 சதவீத ஆர்டர்களில்தான் டிப்ஸ் வருகிறது என்று அதன் நிறுவனர்களில் ஒருவரே சொல்லியிருக்கிறார். மழையில் நனைந்து வந்தவரிடம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவது நமக்கு அவ்வளவு எளிதாகிவிட்டது.

கொடுக்கும் விதத்திலும் மரியாதை இருக்கிறது. நோட்டை மடித்து, "வெச்சுக்கப்பா" என்று கையில் கொடுப்பது ஒன்று. மேசையில் வீசிவிட்டுப் போவது வேறு. கல்யாண வீடுகளில் இந்த மரியாதையை முழுதாகப் பார்க்கலாம். கடைசிப் பந்தி முடிந்ததும் தவில், நாயனக்காரரையும் சமையல் மாஸ்டரையும் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் 501, 1,001 என்று அந்த ஒரு ரூபாயைச் சேர்த்து வைத்து, வேட்டியோ துண்டோ கொடுத்து இரு கையாலும் நீட்டுவார்கள். வாங்குபவர் தலை நிமிர்ந்தே வாங்குவார்.

ஆனால் அந்தத் தட்டு மண்டபத்தின் பின்பக்கம் போவதில்லை. இலை எடுத்தவர்களும், குழாயடியில் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெண்களும் கான்ட்ராக்டர் ஆட்கள் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் முழுவதையும் முதலாளி தொழிலாளிகளுக்கே நியாயமாகப் பிரித்துத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. ஓட்டல் ஊழியருக்கு வரும் டிப்ஸ், முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று வருமான வரி வழக்கு ஒன்றில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சம்பளக் கணக்கில் ஏறாததால் பி.எஃப். கணக்கிலும் சேராது. ஆகவே கல்யாண வீட்டுக்காரர் பணத்தை மொத்தமாகக் கான்ட்ராக்டரிடம் நீட்டுவதைவிட, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொடுத்துக் குழாயடிக்கு அனுப்பி, ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுக்கச் செய்யலாம். பாத்திரம் ஏற்றும் வண்டி கிளம்புவதற்கு முன் அதற்கு ஆகும் நேரம் பத்து நிமிஷம்.