பிறந்தநாள் பட்டியலில் இல்லாதவர்கள்

அலுவலகப் பிறந்தநாள் விழாவைப் பலரும் சாதிக்குத் தொடர்பற்ற சிறு மகிழ்ச்சி என்றே கருதுகின்றனர். ஆனால் ஒருவர் வெட்டிய கேக்கை மற்றவர்க்குக் கையால் ஊட்டுவது சமபந்தியின் இன்னொரு வடிவம். தொடுதலையும் உடனுண்ணலையும் விலக்கியே சாதி நிலைபெற்றது. ஆகவே, யாருக்கு ஊட்டப்படுகிறது, யாருக்குக் காகிதத் தட்டில் வைத்து நகர்த்தப்படுகிறது என்பது அற்பமான கேள்வியன்று.

இவ்விலக்கல் இரு வழிகளில் நிகழ்கிறது. முதலாவது, பட்டியல். நிர்வாகத்தின் பிறந்தநாள் பட்டியலில் நிரந்தரப் பணியாளர் மட்டுமே இடம்பெறுவர். தூய்மைப் பணி ஒப்பந்ததாரரிடம் விடப்பட்டிருப்பதால், அத்தொழிலாளர் ‘நம் ஊழியர் அல்லர்’ எனப்படுகிறார். அப்பணியில் பெரும்பாலும் தலித்துகளே இருத்தப்பட்டிருக்க, சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதிக்கோடு விழுந்துவிடுகிறது. விழா முடிந்தபின் மேசையைத் துடைக்க மட்டும் அவர் அழைக்கப்படுகிறார். இரண்டாவது, நழுவல். பட்டியலில் பெயர் இருந்தாலும், தலித் ஊழியரின் பிறந்தநாளன்று மட்டும் எல்லோருக்கும் வேலை மிகுந்துவிடுகிறது. அவர் கொண்டுவந்த இனிப்பு ‘இன்று விரதம்’ என்று மறுக்கப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 17ஆவது உறுப்பு தீண்டாமையை எவ்வடிவிலும் தடைசெய்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, ‘சமூகப் புறக்கணிப்பு’ வரையறுக்கப்பட்டது. ஒருவரிடம் இயல்பாக எதிர்பார்க்கப்படும் சமூக உறவைத் தவிர்ப்பதும், ஒருவரைப் பிறரிடமிருந்து தனிமைப்படுத்துவதும் அவ்வரையறையுள் அடங்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது, அப்பிரிவுகளைச் சேராதவர் அத்தகைய புறக்கணிப்பைச் சுமத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ‘அவர் சாதி எனக்குத் தெரியாது’ என்ற வாதமும் எளிதில் செல்லாது. பாதிக்கப்பட்டவரை நேரில் அறிந்தவராயின், அவரது சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும்; அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது.

எனினும், கேக் தராத ஒவ்வொரு நிகழ்வும் குற்றமாகிவிடாது. மறதிக்கும் புறக்கணிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது தொடர்ச்சியே. எனவே தேதி, இடம், உடனிருந்தோர், அனுப்பப்பட்ட குறுஞ்செய்திகள் ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டோர் குறித்துவைப்பதும், புகாரை எழுத்தில் அளித்து ஒப்புகை பெறுவதும் இன்றியமையாதவை.

நிர்வாகம் செய்யவேண்டியது கடினமன்று. ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் ஒரே பட்டியல், ஒரே செலவு, ஒரே மேசை. துடைக்கும் வேலை உண்டவர் அனைவர்க்கும் முறைவைத்து.

தமிழ்நாட்டின் அரசு அலுவலகங்கள் ஏற்கெனவே ஒரு பிறந்தநாளைக் கொண்டாடுகின்றன. அண்ணல் அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14, 2022 முதல் சமத்துவ நாளாக உறுதிமொழியுடன் கடைப்பிடிக்கப்படுகிறது. அவ்வுறுதிமொழியை வாசிக்கும் அலுவலகம், தன் கழிப்பறையைத் தூய்மை செய்பவரின் பிறந்தநாள் எதுவென அறிந்திருக்கிறதா? உறுதிமொழியின் உண்மையை அங்கிருந்தே சோதிக்கத் தொடங்கலாம்.