மாமா விட்டுச் சென்ற அம்பாசடர்

ஃபஜ்ர் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது எங்கள் தெருவில் நாள் தவறாமல் ஓர் ஓசை கேட்கும். என் தாய்மாமா தம் அம்பாசடர் காரை உயிர்ப்பிக்கும் ஓசைதான் அது. பயணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடமாவது எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவார்கள். “மனுசனுக்கு மூச்சு எப்படியோ, வண்டிக்கு ஓட்டம் அப்படி” என்பார்கள்.

2024-ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில் மாமா வஃபாத்தானார்கள். இன்று அந்த வண்டியை உயிர்ப்பிப்பவன் நான். அது என் கைக்கு வந்த வழியில் நான் கற்றவை, மதரஸாவில் பல ஆண்டுகள் வாரிசுரிமைப் பாடம் நடத்தியும் கல்லாதவை. வாசகர்களுக்கும் பயன்படக்கூடும் என்றெண்ணியே இதனை எழுதுகிறேன்.

கொழும்பு வணிகமும் காயல் வண்டியும்

காயல்பட்டினத்தார் பலரைப் போலவே மாமாவும் கொழும்பில் வணிகம் செய்தவர்கள். 1983 கலவரத்திற்குப் பின்னர் கடையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். எஞ்சிய பணத்தில் 1986-இல் வாங்கியதே இந்த வண்டி.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி தொடங்கியது 1950-களின் பிற்பகுதியில். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வார்ப்பில் பிறந்தது அது. மாமாவுடையது ‘மார்க் 4’ வகை, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் ஓரத்திலேயே இருக்கும். முன்னிருக்கை ஒரே நீள இருக்கை என்பதால் ஓட்டுநருடன் மேலும் இருவர் அமரலாம். 2014 மே மாதத்தில் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனினும் பழைய மெக்கானிக்குகளின் கைகளில் அவ்வண்டிகள் இன்றும் உயிர் வாழ்கின்றன.

எங்கள் தெருவில் எத்தனை பெண்களைப் பிரசவ வேளையில் திருநெல்வேலிக்குக் கொண்டு சென்றது இந்த வண்டி! என் உம்மாவைக் கடைசியாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் இதுவே. யாரிடமும் மாமா ஒரு காசு வாங்கியதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய இரவு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை எங்கள் பகுதியினர் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வீட்டு முற்றத்தில் நின்ற வண்டி, எஞ்சின் மூடிக்கு மேல்வரை நீரில் மூழ்கிவிட்டது.

நீர் வடிந்ததும், ஓடுகிறதா என்று பார்க்கும் ஆவலில் நான் சாவியைத் திருகப் போனேன். மாமா பதறிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “தம்பி, தொடாதே! உள்ளே தண்ணி நிக்குது.”

காரணத்தையும் விளக்கினார்கள். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது எஞ்சினைச் சுழற்றினால், மேலேறும் பிஸ்டன் அந்த நீரில் மோதும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே, மெக்கானிக் வந்து முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். பிறகு ஹாண்டிலை மாட்டிக் கையால் மெல்லச் சுற்றினார். பிளக் துளைகளின் வழியே நீர் பீறிட்டது. எஞ்சின், கியர், பின் அச்சு ஆகியவற்றின் எண்ணெய்கள் மாற்றப்பட்டன. பெட்ரோல் தொட்டி காலி செய்யப்பட்டது. டிஸ்டிரிபியூட்டரும் டைனமோவும் கழற்றி உலர்த்தப்பட்டன. நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களிலிருந்தும் சேறு அகற்றப்பட்டது.

பல வாரங்கள் கழிந்து வண்டி உறுமி எழுந்தது. இதில் கணினிக் கருவி எதுவும் இல்லாததே அதற்குக் காரணம். உலர்த்தவும் துடைக்கவும் முடிந்த உறுப்புகளே இதில் உள்ளன.

அந்த மாலையில்தான், நாங்கள் இருவர் மட்டும் வண்டியில் அமர்ந்திருந்தபோது, “எனக்குப் பொறவு இது உனக்குத்தான் தம்பி” என்றார்கள் மாமா.

சாட்சியில்லாத சொல்

மாமாவின் வாரிசுகள் மாமியும், இரு பெண் மக்களும், மாமாவின் உடன்பிறந்த தம்பியும் ஆவர். என் உம்மா முன்னரே மறைந்துவிட்டார்கள். சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, இரு பெண்களுக்கும் சேர்த்து 16, எஞ்சிய 5 சகோதரருக்கு. சகோதரியின் மகனாகிய எனக்கு இதில் பங்கு ஏதுமில்லை.

மாமா சொன்னது என்ன வகை? உயிருடன் இருக்கும்போதே பொருளை ஒப்படைத்தால் அது ‘ஹிபா’ என்னும் அன்பளிப்பு. ‘எனக்குப் பிறகு’ என்று கூறினால் அது ‘வஸிய்யத்’ என்னும் மரண சாசனம். வாரிசு அல்லாத ஒருவருக்கு, சொத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மிகாமல் வஸிய்யத் செய்யலாம். வீடும் கடையும் உள்ள சொத்தில் வண்டியின் மதிப்பு அந்த வரம்பிற்குள் அடங்கிவிடும். ஆகவே சட்டம் எனக்குச் சாதகமே. ஆனால் சாட்சி? என்னைத் தவிர யாருமில்லை. தனக்கு ஆதாயமான ஒன்றைத் தானே சொல்பவனின் சொல் எம்மாத்திரம்!

இதற்கிடையில் வண்டியை விற்பதாகப் பேச்சு எழுந்தது. மெக்கானிக் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய் என மதிப்பிட்டார். மாமாவின் இளைய மகளுடைய கணவர் வேலையிழந்து ஓராண்டாகியிருந்தது. அவளுக்குப் பணம் அவசரம். நான் சொல்வதா, மௌனமாக இருப்பதா? இரண்டு இரவுகள் உறக்கமில்லை. இறுதியில் அனைவரும் கூடியிருந்தபோது கூறினேன். “மாமா சொன்னது இது. சாட்சி கிடையாது. நீங்கள் மறுத்தால் எனக்கு வருத்தமில்லை” என்றேன்.

மாமியும் மூத்தவளும் சின்ன மாமாவும் ஒப்புக்கொண்டனர். இளையவள் கண் கலங்கினாள். “மச்சான், நீங்க பொய் சொல்வீங்கன்னு நான் நினைக்கலெ. ஆனா என் நிலைமை உங்களுக்குத் தெரியும்.”

அவள் மீது குற்றமில்லை. ஒரு வாரிசின் ஒப்புதல் அவருடைய பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். வண்டியின் மதிப்பில் அவளுக்குரியது 24-இல் 8, அதாவது நாற்பதாயிரம் ரூபாய். அதை மாதத் தவணைகளில் நானே கொடுத்துவிடுவதென முடிவாயிற்று.

டாஷ்போர்டில் இருந்த குறிப்பேடு

ஒரு மாதம் கழிந்தது. வண்டியைத் துப்புரவு செய்தபோது, டாஷ்போர்டு அறையில் பாலித்தீன் உறையில் சுற்றிய குறிப்பேடு ஒன்று கிடைத்தது. எண்ணெய் மாற்றிய நாள், கிரீஸ் அடித்த நாள், டயர் வாங்கிய விலை என யாவும் அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தன. தமிழ்ச் சொற்களை அரபு எழுத்துகளால் எழுதும் அம்முறையை மாமாவின் வீட்டில் இப்போது படிக்கத் தெரிந்தவர் யாருமிலர்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. வெள்ளத்திற்குப் பின் வண்டியைச் செப்பனிட நண்பர் ஒருவரிடம் பதினெட்டாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியதாகவும், திருப்பித் தரவில்லை என்றும் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கணம் அந்தக் குறிப்பேட்டை மூடி வைத்துவிடலாமா என்று தோன்றியது. படிக்கக்கூடியவன் நான் ஒருவனே. கடன் கொடுத்தவரும் வாய் திறக்கவில்லை. கடன் வெளிப்பட்டால் முடிந்த கணக்கு மீண்டும் கிளறப்படும். ஆனால் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத், அதன் பின்னரே வாரிசுகளின் பங்கு என்ற வரிசையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவனல்லவா நான்! வஸிய்யத்தைப் பெற்றுக்கொண்டு கடனை மறைப்பவன் எந்த முகத்துடன் அந்த வகுப்பில் நிற்பது?

அன்றே மாமியிடம் படித்துக் காட்டினேன். வண்டிக்காகச் செலவான பணமாதலால் நானே கொடுக்கிறேன் என்றேன். மாமி சம்மதிக்கவில்லை. “கடன் அவஹளோடது. அவஹ காசுலேருந்துதான் போவணும்” என்று, கடையின் வாடகை முன்பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

இளையவள் இதைக் கேள்விப்பட்டு, “இனிமேல் தவணை வேண்டாம் மச்சான். வாப்பா சொன்னதை நானும் ஒத்துக்கிறேன்” என்று சொல்லியனுப்பினாள். நான் நிறுத்தவில்லை. அவளுடைய கணவருக்கு அப்போதும் வேலை கிடைத்திருக்கவில்லை. பேசிய தொகையைக் கொடுத்து முடித்தேன்.

பெறுபவர் கவனிக்க வேண்டியவை

இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது தவறு. மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டியைப் பெறுபவர் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் ‘படிவம் 31’ வாயிலாகப் பெயர் மாற்றம் கோர வேண்டும். இறப்புச் சான்று, பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றுடன் வாரிசுச் சான்றும் ஏனைய வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளல் அவசியம். பதினைந்து ஆண்டுகள் கடந்த காருக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் பன்மடங்கு உயர்த்தப்பட்டதையும் கணக்கில் கொள்க.

கடலோர ஊர்களில் உப்புக்காற்றே முதற்பகைவன். கதவுகளின் அடிப்பகுதியும் தரைத் தகடும் வெளியே தெரியாமல் அரித்துப் போகும். ஆண்டுக்கொரு முறையேனும் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் விரைவில் கெடும். அவற்றை மாற்றிவிடுவது நலம். காற்றுப்பையோ நவீன பிரேக்கோ இல்லாத வண்டி இது. வேகம் கூடாது, முன்னே செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி கூடுதலாக இருக்கட்டும்.

எழுதி வையுங்கள்

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வஸிய்யத் செய்யத்தக்க பொருளுடையவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். மாமா அந்த அன்பான சொல்லை இரு சாட்சிகளுடன் ஒரு தாளில் எழுதியிருந்தால், இளையவள் கண்கலங்கியிருக்க வேண்டியதில்லை. நானும் என் நாணயத்தை நானே சந்தேகித்திருக்க வேண்டியதில்லை. கடனையோ அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் அது தீர்ந்தது.

இப்போதும் ஃபஜ்ருக்குப் பின் ஐந்து நிமிடம் வண்டியை ஓடவிடுகிறேன். மாதம் ஒருமுறை மாமியைத் திருநெல்வேலிக்குக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். தெருவில் யார் கதவைத் தட்டினாலும், எந்த நேரமாயினும், வண்டி புறப்படும். குறிப்பேட்டில் மாமா விட்ட இடத்திலிருந்து நானும் அரபுத் தமிழிலேயே எழுதி வருகிறேன். அதைப் படிக்க என் மகனுக்கும் கற்றுக்கொடுக்கத் தொடங்கியுள்ளேன். என் கடன்களும் அதில்தான் எழுதப்படுகின்றன.