கோசோ பொருள்
ஸ்பார்க் பிளக், 1920கள். கலிபோர்னியா, அமெரிக்கா

1961 பிப்ரவரியில் ஒலாஞ்சா ஊருக்கு அருகே, உள்ளே படிகம் பூத்த உருண்டைக் கற்களைத் தேடிச் சென்றவர்கள் இதைக் கண்டெடுத்தனர். வைர ரம்பத்தால் அறுத்தபோது படிகம் இல்லை; வெண்பீங்கான் உருளையும் அதன் நடுவே உலோகத் தண்டும் தெரிந்தன. மேலோட்டின் வயது 5,00,000 ஆண்டுகள் என்று ஒரு புவியியலாளர் கணித்ததாகக் கூறப்பட்டது. அவரது பெயரோ ஆய்வறிக்கையோ வெளியாகவில்லை. ஆனாலும் வேற்றுக்கிரகத்தார் விட்டுச்சென்ற கருவி என்ற பேச்சு பரவியது.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒரு முனையில் சுருள்வில் போன்ற பகுதி காணப்பட்டது. புதிரை அவிழ்க்கத் தொல்லியலாளர் தேவைப்படவில்லை. இப்பொருளை ஆராய்ந்த பியர் ஸ்ட்ராம்பர்க், பால் ஹைன்ரிக் இருவரும் 1999இல் இப்படங்களைப் பழைய ஸ்பார்க் பிளக்குகளைச் சேகரிப்பவர்களுக்கு அனுப்பினர். 1920களில் சாம்பியன் நிறுவனம் தயாரித்த வகை என்று அவர்கள் அடையாளம் கண்டனர்.

மேலோடு பழம்பாறையன்று. இரும்பு துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மண்ணையும் சிறு கற்களையும் பிணைத்துக் கட்டியாக இறுகும். ஈர மண்ணில் இதற்குச் சில பத்தாண்டுகளே போதும்.