ஒரு போல்ட்டை மாற்றினால் யார் பொறுப்பு?

விழிதியூர் போன்ற காரைக்கால் பகுதிக் கிராமங்களில் தென்னை நிற்காத கொல்லை அரிது. காய் முற்றி நெற்றாகித் தானே விழும் வரை பறிக்க ஆள் கிடைக்காத கொல்லைகளும் பெருகிவருகின்றன. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் கால்மிதியும் கம்பி வடமும் கொண்ட மரமேறும் கருவி. பரம்பரையாக மரம் ஏறிப் பழகாதவரும் சில நாள் பயிற்சியில் அதை மாட்டிக்கொண்டு உச்சிக்குப் போய்விடலாம். வாங்கிய கொஞ்ச காலத்திலேயே அதில் கைவைப்பதும் நடக்கிறது. அடிமரம் பருமனாக இருக்கிறது என்று வடத்தை நீட்டுகிறார்கள். தூக்கக் கனமாக இருக்கிறது என்று சட்டத்தை அறுக்கிறார்கள். அறுந்த வடத்துக்குப் பதிலாகக் கிடைத்த கம்பியைக் கட்டுகிறார்கள். விரிசலை வெல்டிங் பட்டறையில் ஒட்டவைக்கிறார்கள். கருவியை மாற்றும் உரிமை அதைப் பயன்படுத்துகிறவருக்கு உண்டு என்பதே என் கட்சி. ஆனால் உடம்பைத் தாங்கும் பாகத்தில் கைவைத்த உடனேயே, அதை வடிவமைத்தவருக்கு இருந்த கடமைகள் எல்லாம் மாற்றியவரிடம் வந்து சேர்கின்றன. அந்தக் கடமைகளைச் செய்ய முடியாதவர் அந்தப் பாகத்தைத் தொடக்கூடாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டும்? கருவி மரத்தைப் பிடித்துக்கொள்ளும் விதத்தைப் பார்த்தால் புரியும். ஏறுபவர் மரத்துக்கு முன்னால், தண்டிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் மிதியில் நிற்கிறார். அவர் எடை சட்டத்தை முன்பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. அந்தச் சாய்வினால் பின்பக்கத்தில் மேலே இருக்கும் வடம் தண்டை இறுக்குகிறது. முன்பக்கத்தில் கீழே இருக்கும் ரப்பர் கட்டை தண்டை அழுத்துகிறது. இந்த இரண்டு அழுத்தங்களால் பிறக்கும் உராய்வே ஆளைத் தாங்குகிறது. தச்சர் பட்டறையில் பலகையைப் பிடிக்கும் கிளாம்ப் வேலை செய்வதும் இப்படித்தான். இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. தண்டின் நடுவிலிருந்து மிதி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அந்தத் தூரத்தை, வடத்துக்கும் ரப்பர் கட்டைக்கும் இடையிலான உயர வித்தியாசத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். உராய்வு எண் 0.5 என்றால் அந்த விகிதம் குறைந்தது 1 இருக்க வேண்டும். மழையிலும் பாசியிலும் உராய்வு எண் 0.3 ஆகக் குறைந்தால் விகிதம் 1.67 ஆவது வேண்டும். ஆளின் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை. எடை கூடினால் பிடியும் அதே அளவு கூடிவிடுவதால், 50 கிலோ ஆள் வழுக்காத கருவியில் 80 கிலோ ஆளும் வழுக்குவதில்லை. வழுக்குமா வழுக்காதா என்பதைத் தீர்மானிப்பவை வடிவமும் ஒட்டும் பரப்பும் மட்டுமே. கனத்தைக் குறைக்க மிதியின் கையை நான்கு விரற்கடை அறுப்பவரும், வடத்தை நீட்டி உயர வித்தியாசத்தைக் கூட்டுபவரும், தேய்ந்த ரப்பருக்குப் பதில் சைக்கிள் டியூபைச் சுற்றுபவரும் இந்த விகிதத்தைத்தான் மாற்றுகிறார்கள். காய்ந்த மரத்தில் அது தெரியாது. ஐப்பசி மழையில் நனைந்த மரத்தில் தெரியும்.

வழுக்குவது வேறு, அறுவது வேறு. அறுவதில் எடைக்கு முழுப் பங்கு உண்டு. மேலே சொன்ன விகிதம் 1.5 என்று வைத்துக்கொண்டால், 70 கிலோ ஆள் அசையாமல் நிற்கும்போதே வடத்தின் இரண்டு பக்கங்களிலும் சேர்ந்து 105 கிலோ இழுவிசை விழுகிறது. அவர் காலை மாற்றி முழு எடையையும் ஒரேயடியாக ஊன்றினால் அது இரட்டிப்பாகலாம்; கருவி ஒரு சாண் வழுக்கி நின்றால் இன்னும் பல மடங்காகும். ஏறுபவரின் எடையைவிடப் பல மடங்கு தாங்கும் வடத்தை வடிவமைப்பாளர்கள் போடுவது இதற்காகத்தான். கம்பி வடத்தின் வலிமை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வலிமை கால்பங்காகிவிடும். பார்வைக்குக் கொஞ்சம்தான் மெலிசு என்று போடும் வடம், இருந்த பாதுகாப்பு மிச்சத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிடலாம். வடத்தின் முனையை மடித்து யு-போல்ட் கிளிப்பால் இறுக்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கிளிப்பின் அகலமான இருக்கை பாரம் ஏறும் பக்கத்திலும், வளைந்த போல்ட் வெட்டுமுனைப் பக்கத்திலும் வர வேண்டும். திருப்பிப் போட்டால் பாரம் ஏறும் வடத்தையே போல்ட் நசுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

‘இத்தனை மரம் ஏறிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்பது அடிக்கடி கேட்கும் பதில். உலோகத்தைப் பொறுத்தவரை இது ஆறுதல் தரும் பதிலே இல்லை. 12 மீட்டர் உயரமுள்ள மரத்தில் எட்டுக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஏறி இறங்க ஏறத்தாழ 80 முறை சட்டத்தின் மீது பாரம் ஏறி இறங்குகிறது. ஒருநாளைக்கு 30 மரம் என்றால் 2,400 முறை. ஆண்டுக்கு 200 நாள் வேலை என்றால் ஏறக்குறைய 5 லட்சம் முறை. ஒருமுறை பாரம் ஏற்றினால் அசையாத இரும்பு, லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கினால் களைத்து விரிசல் விடும். அந்த விரிசல் பெரும்பாலும் தொடங்குவது பற்றவைப்பின் விளிம்பிலும், பிறகு போட்ட ஓட்டைகளின் ஓரத்திலும்தான். மெல்லிய குழாயை அதிகச் சூட்டில் பற்றவைத்தால் ஓரம் உருகிப் பள்ளமாகும். பக்கத்து உலோகத்தின் தன்மையும் மாறும். பட்டறைக்காரர் திறமைசாலியாகவே இருக்கலாம். கேட்டுக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் அவர் போடும் பற்றவைப்பு வருடக்கணக்கில் நிற்கலாம். ஆனால் அவரிடம் கொடுத்த குழாய் எந்த வகை எஃகு, எத்தனை முறை பாரம் தாங்கப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. இதோடு கடல் காற்றும் சேர்கிறது. காற்றில் வரும் உப்பு, வடத்தின் இழைகளுக்குள் ஈரத்தோடு தங்கி உள்ளிருந்து அரிக்கும். மரம் காயப்படாமல் இருக்க வடத்தின் மேல் பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் அந்தத் துரு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

இந்த ஆபத்தைத் தனியாகப் படித்துத் தேர்ந்த ஒரு கூட்டம் உலகின் இன்னொரு மூலையில் இருக்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் இன்றும் மரத்தில் ஏறி அமர்ந்து காத்திருக்கிறார்கள். அவர்கள் ஏறும் மரமேடைகளில் ஒருவகை நம் தென்னைக் கருவியின் உடன்பிறப்பு: மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், தண்டைச் சுற்றி வடம், எடையாலேயே இறுகும் பிடி. வேட்டைக்காரர்களின் காயங்களில் துப்பாக்கிக்கு இணையாகப் பேசப்படுவது மரமேடையிலிருந்து விழுவதுதான். வடம் அறுபட்ட மேடைகளை அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சந்தையிலிருந்து திரும்பப் பெறவைத்திருக்கிறது. மேடை உற்பத்தியாளர்களின் சங்கம் ஓயாமல் சொல்வது இரண்டு விஷயங்கள்: பாகத்தை மாற்றாதீர்கள்; தரையிலிருந்து கால் எடுத்த நேரம் முதல் திரும்பத் தரை தொடும் வரை உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டையை மாட்டியிருங்கள். தம் வியாபாரத்தைக் காக்க அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் உப்பும் ஈரமும் களைப்பும் வியாபார நோக்கம் பார்த்து வேலை செய்வதில்லை.

இன்னும் வலுவான மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. இந்தக் கருவியே ஒரு பட்டறைக் கண்டுபிடிப்பு அல்லவா? கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற அப்பச்சன் ஒரு விவசாயி, பொறியியல் படித்தவரல்ல. அவர் செய்த கருவியைத் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அங்கீகரித்தது. இன்று தென்னந்தோப்புகளில் ‘செம்பேரி மாடல்’ என்று வழங்குவது அவருடையதுதான். பிற்பாடு கோயம்புத்தூரில் அதை மேம்படுத்தி, உட்கார்ந்து ஏறும் வகையில் செய்தார்கள். மாற்றம் செய்யாதே என்று எல்லோரும் கைகட்டி நின்றிருந்தால் இவை எதுவும் வந்திருக்காது. இந்த மறுப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் புதிய கருவியைச் செய்கிறவர் பாரம் எங்கே விழுகிறது என்று ஆராய்கிறார், செய்து பார்த்துத் திருத்துகிறார், தன் பெயரைக் கருவியின் மேல் வைக்கிறார். அவசரத்துக்கு வடத்தை மாற்றுகிறவர் இந்த மூன்றில் ஒன்றையும் செய்வதில்லை. அப்பச்சனை மேற்கோள் காட்டுகிறவர் அவர் பட்ட பாட்டையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தளை நாரும் வெறுங்காலுமாக ஏறும் மரமேறிகள் எந்தத் தர முத்திரையைப் பார்த்தார்கள் என்றும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருந்தாலும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் உரிமம் பெற்றுக் கள் இறக்கப்படுகிறது. அதனால் இந்தக் கேள்விக்கு இங்கே கூடுதல் உயிர் உண்டு. அவர்களும் விழுகிறார்கள், முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார்கள் என்பதை முதலில் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் அவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. தன் தளையைத் தானே பார்த்துப் பார்த்து மாற்றுகிறவர் அவர். கையும் காலும் மார்பும் மரத்தைத் தொட்டபடி இருப்பதால் வழுக்கல் தொடங்கும்போதே உடம்புக்குத் தெரிந்துவிடும். கருவியில் நிற்பவர் மரத்தை விட்டு விலகி நிற்கிறார். கை பிடிக்காமலே நிற்க முடிவதுதான் கருவியின் வசதி. ஒரு பாகம் போனால் அவருக்கும் தரைக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை. 12 மீட்டரிலிருந்து விழுபவர் ஒன்றரை விநாடியில், மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் தரையைச் சேர்கிறார்.

‘என் உயிர், என் இஷ்டம்’ என்பது கடைசி வாதம். கருவி உரிமையாளரே ஏறினால் இதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். நம் ஊர்களில் கருவி ஒருவருடையது, ஏறுகிறவர் இன்னொருவர். தோப்புக்காரர் வாங்கி வைத்ததைக் கூலிக்கு வருபவர் மாட்டிக்கொள்கிறார். பக்கத்துக் கொல்லைக்காரர் இரவல் கேட்டு எடுத்துப்போகிறார். மாற்றம் செய்யப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதான பொருளால் காயம்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. ஆனால் காயம் நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றப்பட்டோ தவறாகப் பயன்படுத்தப்பட்டோ இருந்தால் விற்பனையாளர் மீது அந்த வழக்குப் போட முடியாது என்று அதன் 87ஆம் பிரிவு சொல்கிறது. கூலிக்காரர் விழுந்தபின் இழப்பீட்டுக்கு அவர் தட்டக்கூடிய கதவுகளில் ஒன்றை, அவருக்குத் தெரியாமலே கருவியை மாற்றியவர் மூடிவைத்திருக்கிறார்.

உதிரி பாகம் இங்கே கிடைப்பதில்லை என்பது மட்டும் என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியாத குறை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய ‘தென்னை மர நண்பர்கள்’ திட்டத்தில் பயிற்சியோடு கருவியும் கொடுத்தார்கள். ‘கேர சுரக்ஷா’ என்ற காப்பீடும் மரமேறிகளுக்கு உண்டு. பயிற்சிக்கும் காப்பீட்டுக்கும் நடுவில், பழைய கருவியைச் சோதித்துச் சரிபார்க்கும் இடம் ஒன்று வேண்டும். காரைக்காலில் செருமாவிலங்கையில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், கருவிகளைக் கொண்டுவரச் சொல்லிப் பாரம் ஏற்றிப் பார்க்க அங்கே ஒரு மேடை அமைக்கலாம். பெரிய செலவு பிடிக்கிற வேலையில்லை. அதுவரை, வடத்தையோ சட்டத்தையோ மாற்றுகிறவர் செய்ய வேண்டிய சோதனை இது: முழங்கால் உயரத்தில் கருவியை மரத்தில் மாட்டி, ஏறுபவரின் எடையைப் போல இரு மடங்கு மணல் மூட்டைகளை மிதியில் ஏற்றி, ஒரு இரவு விட வேண்டும். மறுநாள் காலையில் மரத்தை நனைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். கிளிப் நகர்ந்திருக்கிறதா, சட்டம் வளைந்திருக்கிறதா, பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மாற்றிய தேதியையும் மாற்றியவர் பெயரையும் சட்டத்தில் பெயிண்டால் எழுதிவைக்க வேண்டும். இந்தச் சோதனை உலோகக் களைப்பைக் காட்டாது. அதனால் வடத்தை, நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை கழித்துவிட வேண்டும். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் போதாது. தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும், ஐ.எஸ். 3521 முத்திரையுள்ள பட்டையை, கருவியோடு கட்டாமல் மரத்தோடு தனியாகக் கட்ட வேண்டும். அந்தப் பட்டையில் ஒரு தையலைக்கூட எவரும் மாற்றக்கூடாது. கீழே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். பட்டையில் அசையாமல் தொங்குகிறவரின் ரத்தம் காலில் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதற்குள் அவரை இறக்கியாக வேண்டும்.