தகரச் சுருள் ஏற்றுவோர் கவனத்திற்கு

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது முள்ளிவாய்க்காலில் கூரையோடு நின்ற வீட்டைக் காண்பது அரிது. மீள்குடியேற்றம் தொடங்கியதும் வன்னியெங்கும் கூரைத் தகரத்துக்குக் கிராக்கி ஏற்பட்டது. வெட்டிய தகரத்தை வாங்கி விற்பதைவிட, சுருளாக இறக்கி, கேட்ட நீளத்துக்கு வெட்டிக் கொடுப்பதில் இலாபம் கூட என்பது ஹாட்வெயார் தொழிலில் உள்ள நம்மவர் அறிந்ததே. ஆனால் இயந்திரத்தின் விலையைத் துருவித் துருவி விசாரிப்பவர்கள்கூட, சுருள் கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் எப்படி வந்து சேரும் என்பதை லொறிக்காரரிடமே விட்டுவிடுகிறார்கள்.

5 தொன் சுருளில் ஆயிரம் மீற்றருக்கு மேல் தகடு இருக்கும். பார்வைக்கோ சிறியது, ட்ரெய்லரின் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஆபத்தும் அதில்தான். இரவில் ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கிறது, சாரதி பிரேக் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லொறி நிற்கும், சுருள் நிற்காது. பாரத்தின் 80 சதவீத விசையை முன்புறமாகத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள விதி. 5 தொன்னுக்கு அது 4 தொன். படங்கு கட்டும் நைலோன் கயிறு இதற்கு எம்மாத்திரம்?

சுருளின் துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே முதற் கேள்வி. பக்கவாட்டில் பார்த்தால் பிரேக் பிடித்ததும் நேரே சாரதியின் முதுகை நோக்கி உருளும். அமெரிக்கச் சாரதிகள் இம்முறைக்கு வைத்த பெயரே ‘தற்கொலை’. முன்பின்னாகப் பார்த்தால் வளைவுகளில் பக்கவாட்டில் உருளப் பார்க்கும். எப்படி வைத்தாலும் கனத்த மரக்கட்டைகளுக்கு இடையே, சுருள் தளத்தைத் தொடாதபடி அமர்த்த வேண்டும். கட்டையை ஆணியால் மட்டும் அடித்துவிட்டுப் போவது வேலைக்கு ஆகாது. கீழே றப்பர் விரிப்பு போட்டால் வழுக்கல் வெகுவாகக் குறையும்.

மேலால் போடும் கட்டு சுருளைக் கீழே அழுத்துமே தவிர, முன்னே போவதைத் தடுக்காது. துளைக்குள்ளால் சங்கிலியைக் கொடுத்து, இரு பக்கமும் இழுத்துக் கட்டுவதுதான் தடுக்கும். துணி பெல்ட் என்றால் விளிம்பில் காப்பு வைக்க வேண்டும். தகட்டின் ஓரம் கத்திக்குச் சமம். கட்டைகள் அமர அமரக் கட்டும் தளரும். புத்தளம் வழி வந்தால் சிலாபத்தில், குருநாகல் வழி வந்தால் வரகாபொலையில் நிறுத்தி, மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். ஒரு தேநீர் நேரம்தான்.

காப்புறுதி எடுத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசிக்கவும். பொதி செய்ததில் குறை இருந்தால் நட்டஈடு இல்லை என்ற வாசகம் சரக்குக் காப்புறுதியில் வழக்கமாக உள்ளதே. ஏற்றி முடிந்ததும் கட்டுகளைப் படம் எடுத்து வைப்பது பின்னர் உதவும்.

முள்ளிவாய்க்காலுக்கு அனுப்புவோர் வட்டுவாகல் பாலத்தையும் மனதில் கொள்ள வேண்டும். ஒடுங்கிய பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதியதைக் கட்டும் பணி 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. பாரமேற்றிய ட்ரெய்லரை முல்லைத்தீவு நகரால் கொண்டுவராமல், மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு வழியே எடுத்தால் அந்தப் பாலத்தில் ஏறவே தேவையில்லை. இறக்குமிடத்தில் கிரேன் வந்து நிற்கும் வரை ஒரு சங்கிலியையும் கழற்ற விடாதீர்கள்.