மூன்றே முக்கால் கட்டத்தில் ஒரு இதய ரகசியம்! தெரியுமா?

இன்றைக்கு ஒரே நாளில் உங்கள் இதயம் எத்தனை முறை துடிக்கும் தெரியுமா? நிமிடத்துக்கு 72 என்று வைத்தால் 1,03,680 முறை! நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கணக்கில் அது இறைக்கும் ரத்தம் 7,200 லிட்டர்! மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி ஏழு நிரம்பி, மிச்சமும் வழியும். பம்புசெட்டுக்குப் பேர்போன கோயம்புத்தூர்க்காரர்களே, சுவிட்சை அணைக்காமல் எழுபது வருஷம் ஓடும் மோட்டாரை உங்கள் பட்டறையில் யாராவது போட்டிருக்கிறார்களா?

ஏனுங்க, தோட்டத்துக் கிணற்றில் கவலை ஓட்டியதைப் பார்த்ததுண்டா? இரண்டு மாடும் சேர்ந்து இழுத்தால்தான் தண்ணீர் முழுசாக மேலே வரும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால்? பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும்! இதயத்தின் இடது கீழறையிலும் இதே கூத்து நடக்கும். இடப்பக்க மின்பாதை அடைபட்டால் நடுச்சுவர் முதலில் சுருங்கும், வெளிச்சுவர் ஆடி அசைந்து பிறகு சுருங்கும். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக்'.

அந்தத் தாமதம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஈசிஜி தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு சின்னக் கட்டம் என்பது 40 மில்லிசெகண்ட். ஆரோக்கியமான கீழறைகளுக்குள் மின்சாரம் பரவி முடிய மூன்று கட்டம்கூட ஆகாது. அதுவே 150 மில்லிசெகண்டைத் தொட்டால்? மூன்றே முக்கால் கட்டம்! இந்தத் துளி வித்தியாசம் ஒருவரை மாடிப்படி ஏற விடாமல் மூச்சுவாங்க வைக்கும்! கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் ஒரு மாத்திரை என்றார் தொல்காப்பியர். மாத்திரை போட்டும் தீராத நோயில், சிக்கலே மாத்திரைக் கணக்கில்தான்!

பிந்திய மாட்டை எப்படித் தட்டி எழுப்புவது? அதற்குத்தான் சிஆர்டி பேஸ்மேக்கர். தோள்பட்டைக்குக் கீழே ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து பொதுவாக மூன்று ஒயர். இரண்டு ஒயர் இதயத்தின் வலப்பக்கம் போகும். மூன்றாவது? இதயத்தின் முதுகுப்பக்கம் ஓடும் ஒரு சிரைக்குள் நுழைந்து, இடது கீழறையை வெளியிலிருந்தே தொடும்! நெஞ்சைப் பிளக்கும் வேலையே இல்லை! 2005இல் வெளியான 'கேர்-ஹெச்எஃப்' ஆய்வில் 813 நோயாளிகள். கருவி பொருத்தியவர்களிடம் மரண அபாயம் 36 சதவீதம் குறைந்தது!

ஆனால் எல்லோருக்கும் பலிக்குமா? அங்கேதான் தலைசுற்றல்! ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பெரிதாகப் பலன் தெரிவதில்லை. லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு இப்படி ஆனால் எப்படி இருக்கும்? அதனால் யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க உலகமே முட்டி மோதியது. 2008இல் 'பிராஸ்பெக்ட்' ஆய்வு வெளிவந்தது. 53 மையங்கள், 498 நோயாளிகள், எக்கோ ஸ்கேனில் 12 விதமான அளவுகள். எது ஜெயித்தது தெரியுமா? ஒன்றுகூட இல்லை! இன்னொரு வேடிக்கையும் உண்டு. உடம்பு தேறியதா என்று பார்த்தால் 69 சதவீதம் பேருக்குப் பலன். வீங்கிய இதயம் சுருங்கியதா என்று பார்த்தால் 56 சதவீதம்தான். 'பலித்தது' என்றால் என்ன என்பதிலேயே இவ்வளவு குழப்பம்!

சரி, நன்றாக ஜோசியம் சொல்வது எது? நம்ப மாட்டீர்கள், ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடும் ஈசிஜி தாள்தான்! அந்த மின்பாதை அடைப்பு இருந்து, ஈசிஜி அலையின் அகலம் 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் பலிக்க வாய்ப்பு அதிகம். விஞ்ஞானி ஐந்தோவன் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஈசிஜி இயந்திரத்தின் எடை தெரியுமா? சுமார் 270 கிலோ! இயக்க ஐந்து பேர்! 1924இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

ஈசிஜி மட்டும் பார்த்தால் போதுமா? ஒயர் போய் உட்காரும் இடம் பழைய மாரடைப்பின் தழும்பாக இருந்தால்? மின்சாரம் சரியாகப் பரவாது! நம் பக்கம் இது பெரிய தலைவலி. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால் வரும் திருவனந்தபுரத்தில், 2013இல் 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். 72 சதவீதம் பேருக்குக் காரணம் மாரடைப்புக்கு இட்டுச்செல்லும் இதய ரத்தக்குழாய் நோய்! சராசரி வயதோ வெறும் 61!

பெண்களே, உங்களுக்கொரு சேதி! அகலம் 130 முதல் 149 வரை இருந்த மின்பாதை அடைப்புக்காரர்களை அமெரிக்காவில் அலசினார்கள். இந்த சிகிச்சையால் பெண்களுக்கு ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. ஆண்களுக்கு? சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை!

ஈசிஜி அலை அகலமாகாதவருக்குக் கருவி வைத்தால்? விபரீதம்! 'எக்கோ சிஆர்டி' ஆய்வில் 809 பேருக்குப் பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் இயக்கினார்கள். இயக்கியவர்களில் 45 பேர் இறந்தார்கள், இயக்காதவர்களில் 26 பேர். 2013இல் ஆய்வையே நிறுத்தினார்கள்! ஒழுங்காக நடக்கும் மாட்டைக் குத்துவானேன்?

பொருத்திய பிறகும் கணக்கு உண்டு. 36,935 பேரைப் பார்த்ததில், நூற்றுக்கு 98க்கு மேல் துடிப்புகளைக் கருவியே நடத்தியவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். 95 எடுத்தால் பள்ளிக்கூடத்தில் கைதட்டுவார்கள், இங்கே போதாது!

இப்போது புது வழி: பிந்திய மாட்டைக் குத்துவதற்குப் பதில் அடைபட்ட பாதையையே நேராகப் பிடிப்பது! 2017இல் சீனாவின் வென்ஷோ நகரில் தொடங்கியது. 2023இல் 1,778 நோயாளிகளின் ஒப்பீட்டை வெளியிட்ட குழுவின் தலைவர் அமெரிக்காவில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன். தமிழர் என்று பேரே சொல்கிறதே! மரணமோ, இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரி வாசமோ நேர்ந்தது பழைய முறையில் 28 சதவீதம், புது முறையில் 20.8 சதவீதம்.

இதில் மதுரைக்கும் பங்குண்டு, தெரியுமா? ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒயரை நடுச்சுவருக்குள் திருகாணி மாதிரி திருக வேண்டும். கொஞ்சம் குறைந்தால் பாதை சிக்காது, கூடினால் சுவரே ஓட்டை! எங்கே நிறுத்துவது? வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஷண்முகசுந்தரம் பொன்னுசாமியும் விஜயராமனும் 2020இல் ஒரு அடையாளத்தை எழுதினார்கள். சரியான ஆழம் வந்ததும் இதயமே ஒழுங்கு தப்பி ஒரு துடிப்பு துடிக்கும். ஈசிஜியில் அது ஆங்கில 'எம்' எழுத்து மாதிரி விழும்! ஸ்டாப்பிங் வந்ததும் கண்டக்டர் விசில் ஊதுவது போல!