ஒலி எப்படிக் காதுக்குள் வருகிறது? – பிள்ளைகளோடு சேர்ந்து பெற்றோரும் படிக்க

மக்தப் வகுப்பில் நம்மிடம் ஓத வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவான். நாம் ஒரு சொல்லைச் சொன்னால் அவன் வேறொன்றைத் திருப்பிச் சொல்வான். பெயர் சொல்லி அழைத்தாலும் பல நேரம் நிமிர்ந்து பார்க்க மாட்டான். கவனமில்லாத பிள்ளை என்று நாமே முடிவு கட்டிப் பலமுறை கண்டித்தும் விட்டோம். ஒருநாள் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்துப் பொறுமையாக விசாரித்தோம். "நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டா ஒண்ணும் கேட்க மாட்டேங்குது ஹஜரத்" என்றான்.

அவனுடைய அத்தாவை அழைத்துச் சொன்னோம். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பரிசோதித்தபோது இரண்டு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருப்பது தெரிந்தது. அவன் இத்தனை நாளும் நம் உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதிப் பாடத்தைப் புரிந்துகொண்டிருக்கிறான்.

மதரஸாவில் ஓதி, பிறகு கலைப் பிரிவில் பட்டம் பெற்ற நமக்கு அறிவியல் பாடம் பள்ளிப் பருவத்தோடு நின்றுபோயிற்று. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பிள்ளைகளின் பாடநூலை எடுத்து ஒலி பற்றிய பாடத்தை உட்கார்ந்து படித்தோம். படித்ததை இங்கே எளிமையாகச் சொல்கிறோம்.

ஒலி என்பது என்ன?

ஒலி என்பது அதிர்வு. மேசை விளிம்பில் ஓர் அளவுகோலைப் பாதி வெளியே நீட்டி, ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தட்டிவிடுங்கள். அது மேலும் கீழும் ஆடும்போது ஒலி எழும். ஆட்டம் நின்றால் ஒலியும் நின்றுவிடும். நாம் பேசும்போது தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் அங்கேயும் அதே அதிர்வு தெரியும். குரல் நாண்கள் அங்கே துடிக்கின்றன.

அந்த அதிர்வு பக்கத்திலுள்ள காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று அடுத்துள்ள காற்றைத் தள்ளுகிறது. தொழுகை வரிசையில் கடைசியில் நிற்பவரை லேசாக இடித்தால் அந்த இடி வரிசையின் மறுமுனைவரை போகும்; ஆனால் நிற்பவர் யாரும் தம் இடத்தை விட்டுப் போவதில்லை. ஒலியும் அப்படித்தான். காற்று நம் வாயிலிருந்து கேட்பவரின் காதுவரை பறந்து போவதில்லை, அதிர்வு மட்டுமே போய்ச் சேருகிறது.

ஆகவே ஒலி பயணம் செய்ய ஏதாவதொரு பொருள் வேண்டும். இதைத்தான் பாடநூலில் ஊடகம் என்கிறார்கள். ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் கடிகாரத்தைத் தொங்கவிட்டு உள்ளிருந்த காற்றை வெளியே இழுத்தார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓசை மட்டும் கேட்கவில்லை. 1660ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனை பதிவாகியுள்ளது. காற்றே இல்லாத நிலவில் இரண்டு பேர் அருகருகே நின்று கத்தினாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

எவ்வளவு வேகம்?

20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. தண்ணீரில் சுமார் 1,480 மீட்டர், இரும்பில் 5,000 மீட்டர் அளவுக்குப் போகிறது. ஒளியோ நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் பாய்வது. அதனால்தான் மின்னல் முதலில் தெரிகிறது, இடி பிறகு கேட்கிறது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 3 நொடியில் இடி கேட்டால் மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெட்டியிருக்கிறது. இந்த எண்ணிக்கையை வீட்டுக்குள் இருந்தபடியே செய்ய வேண்டும், மொட்டை மாடியில் நின்றல்ல.

கீச்சுக் குரலும் கனத்த குரலும்

ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். இதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் குறிப்பார்கள். ஆண்களின் பேச்சுக் குரல் சுமார் 120 ஹெர்ட்ஸ், பெண்களுடையது சுமார் 210, சிறு பிள்ளைகளுடையது சுமார் 300. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு மேலுள்ள மீயொலியைக் கொண்டே வௌவால் இருட்டில் வழி கண்டுபிடிக்கிறது. அதிர்வின் வீச்சு கூடினால் சத்தம் கூடும். இதை டெசிபல் அளவில் சொல்கிறோம். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல்.

குரல் நாணில் பிறக்கும் ஒலி ஒன்றுதான். அதைத் தொண்டை, நாக்கு, அண்ணம், பல், உதடு, மூக்கு ஆகியவை சேர்ந்து வெவ்வேறு எழுத்துகளாக மாற்றுகின்றன. தஜ்வீதில் இதை மக்ரஜ் என்று ஓதிக்கொடுக்கிறோம். அரபு இலக்கண அறிஞர் ஸீபவைஹி 8ஆம் நூற்றாண்டிலேயே எழுத்துகள் பிறக்கும் இடங்களைப் பதினாறாக வகுத்து எழுதியிருக்கிறார். நம் தொல்காப்பியத்திலும் இதற்கென்றே பிறப்பியல் என்ற பகுதி உண்டு. எழுத்துக்கு எழுத்து உள்ள இந்த நுண்ணிய வேறுபாட்டைக் காது தெளிவாகக் கேட்டால்தான் வாய் சரியாகச் சொல்லும். அந்தச் சிறுவன் தடுமாறியது இங்கேதான்.

காதுக்குள் நடப்பது

ஒரு கிண்ணத்தின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். மேலே நாலைந்து அரிசியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு தட்டைப் பிடித்து ஓங்கித் தட்டுங்கள். கிண்ணத்தைத் தொடாமலேயே அரிசி துள்ளும். நம் செவிப்பறையும் அந்தத் தாளைப் போன்றதுதான். இப்போது தாளின் மேல் ஓர் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் அரிசியைப் போட்டுத் தட்டிப் பாருங்கள், அரிசி அசையாது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டினால் நடப்பது ஏறத்தாழ இதுதான்.

நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. பிள்ளைகளுக்கு அது குறுகலாகவும் அதிகச் சரிவில்லாமலும் இருப்பதால் சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவர் சிறிய சிகிச்சை செய்து நீரை வெளியேற்றுவார்.

செவிப்பறையின் அதிர்வை மூன்று சிறு எலும்புகள் உள்காதுக்குக் கடத்துகின்றன. அவற்றில் அங்கவடி என்பது நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. சுமார் 3 மில்லிமீட்டர்தான். உள்காதில் நத்தைக் கூடு போன்ற அறைக்குள் சுமார் 15,000 மயிரிழை செல்கள் இருக்கின்றன. அதிர்வை மூளைக்குச் செய்தியாக மாற்றுபவை அவைதாம். நீர் கட்டினால் வடிந்துவிடும். ஆனால் இந்தச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

அவற்றை அழிப்பது பெருஞ்சத்தம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்று கேட்பொலிக்கு வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். செல்போனில் இயர்போன் மாட்டி முழுச் சத்தத்தில் கேட்டால் அந்த நேரம் நிமிடங்களாகச் சுருங்கிவிடும். நிக்காஹ் விருந்துகளிலும் பயான் மேடைகளிலும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளை உட்காரவைக்கும் நம் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைப்பது, "என்ன, என்ன" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, பேசுபவரின் வாயையே பார்ப்பது, பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாதது, பேச்சு தாமதமாவது இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்த குழந்தைக்கும் செவித்திறன் பரிசோதனை உண்டு; பிரசவம் பார்த்த மருத்துவமனையில் கேளுங்கள். காதுக்குள் எண்ணெய் ஊற்றுவது, குச்சி விடுவது வேண்டாம்.

அந்தச் சிறுவனுக்குச் சில மாதங்களில் குணமானது. முன்பு கண்டித்ததற்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். வெட்கப்பட்டுச் சிரித்தான். இப்போது புதிதாக எந்தப் பிள்ளை ஓத வந்தாலும், முதல் நாளே அதன் பின்னால் நின்று மெல்லப் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்கிறோம். திரும்பவில்லையென்றால் பிள்ளையைக் கண்டிக்காமல், அத்தாவையும் அம்மாவையும் வரச் சொல்லிப் பேசுகிறோம்.